வடிகாலின் நாடி

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைப் பட்டறையொன்றில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், காலை முதல் மாலை வரை தரையில் அமர்ந்து, விக்கிரகத்தை இரு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அரத்தால் ராவி வருவதால் பொழுது சாயும் வேளையில் தமக்குக் கணுக்கால் வீங்கிவிடுகிறதென்றும், கைப்பேசியில் வரும் காணொளிகளோ நிணநீருக்கு இருதயம் கிடையாது, குதித்தால்தான் அது ஓடும், ஓடினால்தான் சரீரத்தின் நஞ்சு கழியும், பிராணவாயு இரட்டிப்பாகும் என்று மிரட்டுகின்றனவென்றும் எழுதி, அதற்கென்றே விற்கப்படும் குதிமெத்தையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆயினும் நிணநீருக்கு இருதயம் இல்லை என்ற அந்த வாக்கியம் என்னை விடுவதாக இல்லை.

பிராணவாயுவின் வழக்கை முதலில் தீர்த்துவிடுவோம். கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி, ஆரோக்கியமானவர் எவருக்கும் 95-க்கு மேல்தான் காட்டியது. ஓடினாலும் குதித்தாலும் 98 என்பது 196 ஆகப்போவதில்லை. கிடங்கு எப்போதும் ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது. தேகாப்பியாசம் மாற்றுவது இருப்பை அன்று, பட்டுவாடாவை. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைச் செலுத்தும் இருதயம் கடும் உழைப்பில் 20 லிட்டர்வரை செலுத்துகிறது. ஓய்வில் ரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் உடம்பு, அப்போது முக்கால் பங்கையும் கறந்துகொள்கிறது. உழைக்கும் தசையில் கரியமில வாயுவும் அமிலமும் சூடும் பெருக, ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்திவிடுவதே இதற்கு ஒரு காரணம். கரியமில வாயுவின் இந்த வேலையை 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் காட்டினார். பிராணவாயு கலந்த தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்பவர்கள் அவருக்கு ஒரு கும்பிடாவது போட்டுவிட்டு விற்கலாம்.

இனி கால். அசையாமல் நிற்பவருடைய கணுக்காலின் சிரையில் இருதயம் வரையிலான ரத்தத்தூணின் பாரம் முழுவதும் இறங்கி, அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டுகிறது. நடக்கத் தொடங்கியதும் சில அடிகளில் அது 30-க்கும் கீழே வந்துவிடுகிறது. சுவாமிநாதசுவாமி சன்னிதிக்கு ஏறும் 60 படிகளுக்கும் 60 தமிழ் ஆண்டுகளின் பெயர் வழங்குவதை அவ்வூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதற்படியான பிரபவவில் பாதத்தை ஊன்றி உந்துகையில் கெண்டைத்தசை இறுகிச் சிரையை நசுக்க, ரத்தம் மேலே பாய்கிறது; விபவவில் அந்தக் கால் தளர்கையில், மேலே போனது திரும்பாதபடி வால்வுகள் மூடிக்கொள்ள, காலியான சிரை கீழிருந்து நிரம்புகிறது. கெண்டைக்காலை இரண்டாவது இருதயம் என்று எழுதுகிறார்கள். மிகைதான், ஆனால் மன்னிக்கத்தக்க மிகை.

நிணநீரின் கதை வேறு. தந்துகிகளின் சுவர் வழியாக நாள்தோறும் சுமார் 8 லிட்டர் திரவம் திசுக்களுக்குள் கசிகிறது. ரத்தத்திலுள்ள பிளாஸ்மாவே மொத்தம் 3 லிட்டர்தான் என்பதால், கசிந்தது திரும்பாவிட்டால் ஒரு பகல் தாங்காது. காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, கிளையாறும் வாய்க்காலுமாகப் பிரிந்து வயலுக்குப் பாயும் நீருக்கு மனு உண்டு, மறியல் உண்டு. வயலில் மிஞ்சியதை வெளியேற்றும் வடிகாலையோ, ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்கும்வரை ஒருவரும் நினைப்பதில்லை. உடம்பின் வடிகால் நிணநீர் நாளம். இவ்வளவோடு உவமையை நிறுத்துவது விவேகம். எனக்கு நிறுத்த மனமில்லை. அந்த வடிகாலின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு லஸ்கர் நின்று, வரும் நீரில் பூச்சி முட்டை உண்டா, களைவிதை உண்டா என்று சோதித்து, கண்டவுடன் ஊருக்கெல்லாம் தண்டோராப் போடுவதாகக் கொள்ளுங்கள். அவைதாம் நிணநீர்க் கணுக்கள். கடைமடையில் வடிந்த நீர் கடலுக்குப் போகாமல், மேட்டை நோக்கி ஏறி, திரும்பவும் தலைமதகிலேயே வந்து சேர்வதாகவும் கொள்ளுங்கள். காலில் வடிந்த நிணநீர் இடது கழுத்தடியில் பெருஞ்சிரையோடு கலப்பது அப்படித்தான். எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போடத் துணியாத வடிகால் இது.

மேட்டில் ஏற்றுவது யார்? இங்கேதான் காணொளிகள் தவறுகின்றன. நிணநீர் நாளத்தில் இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தத் தசை உண்டு. நிமிடத்துக்குச் சில தடவை அது தானே சுருங்கி, தன்னிடமுள்ளதை அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடுகிறது. போலந்தின் வால்டெமர் ஓல்செவ்ஸ்கியும் நார்வேயின் எங்கெசெட்டும், ஆரோக்கியமான மனிதர்களின் கால் நிணநீர் நாளத்துக்குள் நுண்குழாயைச் செலுத்தி அளந்து 1980-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளம் துடித்தபோதெல்லாம் நிணநீர் நகர்ந்தது, துடிப்புகளின் இடைவேளையில் நின்றது. கெண்டைத்தசை இறுகியதால் நாளத்தின் அழுத்தம் ஏறிவிடவில்லை. அப்படியாயின் நடப்பது வீணா? அதுவும் இல்லை. தசை உழைக்கையில் கசிவு கூடுகிறது. திசு இழுபடுகையில், அதனோடு இழைகளால் பிணைக்கப்பட்ட நுனி நாளங்களின் மடல்கள் திறந்து நீரை உள்ளே விடுகின்றன. நாளம் நிரம்பி விரிய விரிய அதன் துடிப்பும் அடிக்கடி நிகழ்கிறது. நடை என்பது வடிகாலைத் தள்ளுவதில்லை, அதற்கு வேலை கொடுக்கிறது. இந்த வேறுபாடு எனக்கு அளிக்கும் ஆனந்தம் வாசகருக்கும் அளிக்குமா என்று தெரியவில்லை.



இந்த ஓல்செவ்ஸ்கியே பிற்பாடு தஞ்சாவூருக்கு வந்தார் என்பதுதான் நமக்கு விசேஷம். கும்பகோணத்துச் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் வியாதிக்குப் பேர்போனது. கொசு கொண்டுவரும் புழு நிணநீர் நாளத்திலேயே குடியேறி, அதை அகட்டி, வால்வுகளைப் பயனற்றவையாக்கி, துடிப்பைக் கெடுத்துவிடுகிறது. ஜமால், மனோகரன் முதலிய நம் மருத்துவர்களோடு சேர்ந்து அவர் 1990-களில் இந்நோயாளிகளின் நிணநீரையும் திசுநீரையும் பரிசோதித்தபோது, குளிர்காய்ச்சலும் நெறியுமாக அடிக்கடி வந்து காலை மேலும் மேலும் பருக்கவைக்கும் தாக்குதல்களின்போது தோலில் சாதாரணமாக வசிக்கும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகியிருக்கக் கண்டார்கள். நீண்ட நாள் பெனிசிலின் அளித்தபோது தாக்குதல்கள் குறைந்தன. புழு திறந்துவைத்த வாசலில் கிருமி நுழைகிறது. ஆகையினாலேயே இன்று அந்நோயாளிகளுக்குச் சொல்லப்படுவது, காலைச் சோப்பால் கழுவி விரலிடுக்கு உலரும்படி துடைத்தல், உயர்த்தி வைத்தல், கணுக்காலை மடக்கி நீட்டுதல் என்ற எளிய காரியங்களாக இருக்கிறது. துடிப்பு இழந்த நாளத்தில் மட்டும், காலில் சுற்றிய கட்டுத்துணிக்கும் இறுகும் தசைக்கும் நடுவில் நசுங்கி நிணநீர் ஓரளவு நகர்கிறது. காணொளி சொன்னது நோயுற்ற காலுக்கு மெய், நலமான காலுக்குப் பொய்.

பட்டறை வாசகருக்கு என் விடை இது. அரை மணிக்கொரு தரம் எழுந்து, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கிவிட்டு, நாலு எட்டு நடந்து வந்து உட்காரலாம். மெத்தைக்குப் பணம் தேவையில்லை. விக்கிரகத்தை இடுக்கும் பாதத்தில் உளி கீறிய காயமோ, பித்தளைத்தூள் குத்திய புண்ணோ இருந்தால் அன்றைக்கே கழுவி மருந்திட வேண்டும்; அவர் தொழிலில் இது மெத்தையைக் காட்டிலும் முக்கியம். இரு கால்களும் விடிந்த பிறகும் வீங்கியே இருந்தால் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் சிவந்து, சூடேறி, வலித்து வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, அன்று படியேறுவதும் வேண்டாம், பிடித்துவிடுவதும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.