60 வயதுக்கு மேல் புதுத் தொழில்! அமெரிக்கத் தாய்மாருக்கு பாடம் நடத்திய அகதிப் பெண்

பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருவதும் ஒரு தொழிலா? அதுவும் பிழைக்கப் போன தேசத்தில், அந்த ஊர்க்காரர்களுக்கே புத்தி சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியவர் மக்தா கெர்பர். ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட்டில் 1910-ல் பிறந்தவர்.

1956-ல் ஹங்கேரியில் புரட்சி வெடித்தது. ரஷிய டாங்கிகள் புகுந்து அதை நசுக்கின. சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். மக்தா குடும்பமும் ஆஸ்திரியா போய்ச் சேர்ந்தது. 1957-ல் அவர் அமெரிக்காவில் கால் வைத்தபோது வயது 45-ஐத் தாண்டிவிட்டது.

கையில் பணம் இல்லாவிட்டாலும், கற்ற வித்தை இருந்தது.

டாக்டர் காட்டிய சைகை

புடாபெஸ்ட்டில் இருந்தபோது ஒரு நாள் மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை. வழக்கமான டாக்டர் கிடைக்காததால் எம்மி பிக்லர் என்ற பெண் டாக்டர் வந்தார். தாயார் நோயைச் சொல்ல வாயைத் திறந்தார். "சும்மா இரு" என்று டாக்டர் சைகை காட்டினார். குழந்தையிடமே விசாரித்தார். குழந்தையும் பதில் சொன்னது!

அசந்துபோன மக்தா, அந்த டாக்டருக்கே சிஷ்யை ஆகிவிட்டார். பிக்லர் 1946-ல் புடாபெஸ்ட்டில் அனாதைக் குழந்தைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கியவர்.

இதற்கா ஒரு வகுப்பு?

அமெரிக்காவில் மக்தா உடனே போர்டு மாட்டிவிடவில்லை. லாஸ்ஏஞ்சல்சில் மூளை முடக்குவாதம் பாதித்த குழந்தைகளோடும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடும் வேலை பார்த்தார். 1972-ல் டாம் பாரஸ்ட் என்ற டாக்டரோடு சேர்ந்து பாலோஆல்டோ நகரில் கைக்குழந்தைகளுக்கான திட்டம் ஒன்றை நடத்தினார். 1978-ல் இருவரும் "ரை" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது மக்தாவுக்கு வயது 67!

வகுப்பில் குழந்தைகள் தரையில் விளையாடும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சும்மா கை நீட்டக் கூடாது. அவ்வளவுதான்!

அவர் சொன்னது இதுதான்:

தூக்குவதற்கு முன்பு, "தூக்கப் போறேன்" என்று குழந்தையிடம் சொல்லுங்கள். துணி மாற்றும்போதும், குளிப்பாட்டும்போதும் அவசரம் வேண்டாம். அழுதால் உடனே வாயை அடைக்கப் பார்க்காமல், ஏன் அழுகிறது என்று கவனியுங்கள். தானாக உட்காரும் முன்பு பிடித்து உட்கார வைக்காதீர்கள். வாக்கரில் போட்டு நடக்க வைக்காதீர்கள்.

வாக்கர் விஷயத்தில் அவர் பேச்சை ஒதுக்க முடியாது. வாக்கரோடு படிக்கட்டில் உருண்டு மண்டையில் அடிபடும் குழந்தைகள் உண்டு. கனடாவில் 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

போர்டு மாட்டுவது சுலபம்

மக்தா 2007-ல் லாஸ்ஏஞ்சல்சில் காலமானார். வயது 96.

அமெரிக்காவில் இன்று "பெற்றோர் ஆலோசகர்" என்று யாரும் போர்டு மாட்டலாம். டாக்டருக்கு இருப்பது போல லைசென்ஸ் கிடையாது. ஆகவே காசு கொடுக்கும் முன்பு ஒரு கேள்வி கேட்பது நல்லது: "நீங்க எத்தனை வருஷம், எந்தக் குழந்தைகளோட வேலை பார்த்தீங்க?"

மக்தாவைக் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும். சொந்தமாக அமைப்பு தொடங்கும் முன்பு, வந்த நாட்டில் அவர் கழித்தது 21 வருஷம்!