அவன் ஏன் காரை நிறுத்தினான்?

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவிகளுக்கு நடத்துகிறேன். வாசித்து முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: “முன்னப்பின்ன தெரியாதவன் கார்ல அவ எதுக்கு மேடம் ஏறினா?” பக்கத்தில் இருப்பவளும் சேர்ந்துகொள்வாள்: “சூயிங்கம் வேற மென்னுக்கிட்டு வந்திருக்கா!”

அவன் ஏன் காரை நிறுத்தினான் என்று எவளும் தானாகக் கேட்டதில்லை.

கொட்டும் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழை மாணவி அவள். பணக்கார இளைஞன் ஒருவன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, வழியில் அத்துமீறுகிறான். அழுதுகொண்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள் விதவைத் தாய். 1966-ல் ஆனந்த விகடனில் கதை வெளியானதும் பெரும் சர்ச்சை எழுந்தது. மகள் கெட்டுப்போனவளா, தாய் செய்தது சரியா என்றுதான் வாதம் நடந்தது. பாரம் முழுக்க இரண்டு பெண்கள் தலையில்.

என் மாணவிகள் கல்நெஞ்சக்காரிகள் அல்லர். அந்தப் பெண்ணுக்காகக் கண் கலங்குகிறவளும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். பெண் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கதைக்குள்ளும் அவள் எங்கே சறுக்கினாள் என்றே கண் தேடுகிறது. மழையிடம் ஏன் பெய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அவனையும் அந்த மழையோடு சேர்த்துவிடுகிறோம். இது வேண்டுமென்று செய்வதல்ல. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

ஒருமுறை கதையை மாற்றிச் சொன்னேன். மழையில் நனைந்த ஏழை மாணவன் ஒருவன் காரில் ஏறுகிறான், ஓட்டி வந்தவன் அவனை அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிடுகிறான். “பாவம் மேடம்” என்றார்கள். ஏன் ஏறினான் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, முன் வரிசைப் பெண் ஒருத்தி நோட்டில் முதலில் எழுதியிருந்த ‘அவள் ஏன் ஏறினாள்?’ என்ற கேள்வியைத் தானாகவே அடித்துவிட்டாள்.

இந்தப் பார்வை என் வகுப்பறையோடு நிற்பதில்லை. ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் போதைப்பொருள் காய்ச்சி, கொலையும் செய்கிற கணவனை ரசித்தவர்கள், அவனைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரை வெறுத்தார்கள். அந்த வெறுப்பு தன் மீதே திரும்பியதைப் பற்றி, அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

‘அக்கினிப் பிரவேசம்’ கிளப்பிய சர்ச்சைக்கு ஜெயகாந்தன் நாவலாகவே பதில் சொன்னார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே சம்பவம் நடக்கிறது; ஆனால் இங்கே தாய் விஷயத்தை மறைக்கவில்லை, கூச்சலிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அந்தப் பெண் கங்காவை அவள் அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். நம் தீர்ப்பு ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தமிழ் நாவலை நான் படித்ததில்லை. 1972-ல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் கேள்வியை அவனைப் பற்றிக் கேளுங்கள்.