நான்கு குடிகள், ஒரு மலை: நீலகிரியின் பழைய கொடுக்கல் வாங்கல்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடுகளும் மாறிமாறி விரியும் நீலகிரி மேட்டுநிலத்தில், ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன்பே தோடர், கோத்தர், படுகர், குறும்பர் ஆகிய குடிகள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். ஒவ்வொரு குடிக்கும் தனி மொழியும் தனி வழிபாடும் இருந்தபோதிலும், எந்தக் குடியும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே செய்துகொள்ளவில்லை என்பதே அவர்களது வாழ்க்கைமுறையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாகும்.

தோடர்களின் வாழ்வு எருமையைச் சுற்றி அமைந்தது. மந்து எனப்படும் அவர்களது சிற்றூரில், மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அரைவட்டக் கூரையுடைய வீடுகள் நின்றன. குளிரும் காற்றும் உட்புகாதவாறு, தவழ்ந்தே நுழையவேண்டிய அளவுக்கு அவற்றின் வாயில் சிறிதாக இருந்தது. புனித எருமைகளின் பாலைக் கடைந்து நெய்யாக்கும் பால்மனையே கோயிலாகவும் விளங்கியது. நோன்புகளுக்குக் கட்டுப்பட்ட ஆண் பூசாரியே அங்குப் பணி செய்தார், பெண்கள் அதனுள் நுழைவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமான நூலால் இழைகளை எண்ணிப் பூவேலை செய்தல் பெண்களின் கலையாக இருந்தது. மரக்கறி உணவினரான தோடர் உழவு செய்யவில்லை; ஆகவே தானியத்திற்குப் படுகரையும், கருவிகளுக்கும் கலங்களுக்கும் கோத்தரையும் சார்ந்திருந்தனர்.

ஏழு ஊர்களில் வாழ்ந்த கோத்தர்கள் மலையின் கைவினைஞர்கள். கொல்லு வேலையும் தச்சும் ஆண்களுடையவை. மண்கலம் வனைவது பெண்களுடையது. அவர்கள் பயிர் செய்ததோடு இசைக்கலைஞர்களாகவும் விளங்கினர். தோடர், படுகர் ஆகியோரின் இறுதிச்சடங்குகளில் குழலும் கொம்பும் பறையும் முழக்கிய அவர்களுக்கு, தோடர் பலியிட்ட எருமைகளின் இறைச்சி உரிமையாயிற்று.

விஜயநகரப் பேரரசு வீழ்ந்த காலத்தையொட்டி மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியதாகக் கருதப்படும் படுகர்கள், அட்டி எனப்படும் வரிசைவீட்டு ஊர்களை அமைத்துச் சாமையும் கேழ்வரகும் விளைவித்தனர். சரிவுக் காடுகளில் வாழ்ந்த குறும்பர்கள் தேனும் கூடைகளும் முறங்களும் கொண்டுவந்ததோடு, படுகரின் வயலில் முதல் விதையைத் தூவும் சடங்கையும் நடத்தினர். அதற்குக் கைம்மாறாகத் தானியம் பெற்றனர்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பண்டமாற்று என்று மட்டும் கூறுவது நிறைவாகாது. சந்தையில் பேரம் பேசி முடிக்கும் பரிமாற்றமாக இல்லாமல், ஒரு படுகக் குடும்பத்திற்கு இன்ன கோத்தக் குடும்பம் என்று தந்தைவழியே வந்த உறவாக அது இருந்தது. கொழு தேய்ந்தபோதெல்லாம் கொல்லர் செய்து கொடுத்தார், அறுவடையின்போது அவருக்குரிய பங்கு அளக்கப்பட்டது. விளைச்சல் குறைந்தால் பங்கும் குறைந்தது. எனினும் உறவு அறுபடவில்லை.

அந்த உறவில் சமத்துவம் இருந்தது என்று கருதிவிடக்கூடாது. இறைச்சி உண்டதாலும் இசைத் தொழிலாலும் கோத்தர் தாழ்வாக மதிக்கப்பட்டனர். வயலுக்குக் காப்பாகக் குறும்பரை அழைத்த அதே மக்கள் அவர்களது மந்திரத்திற்கு அஞ்சினர். நோயும் சாவும் நேர்ந்தபோது அவர்கள்மீது பழி சுமத்திக் கொலை செய்த நிகழ்வுகள் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தன.

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியதைத் தொடர்ந்து சாலைகளும் சந்தைகளும் தோட்டங்களும் வந்தன. உருளைக்கிழங்கும் தேயிலையும் படுகருக்குப் பணம் ஈட்டித் தந்தன. இரும்புக் கருவிகளும் பாத்திரங்களும் கடைகளில் கிடைத்தன. கோத்தரின் இசையைச் சடங்குகளிலிருந்து விலக்கவேண்டும் என்ற சீர்திருத்தக் குரலும் படுகரிடையே எழுந்தது. 1930களுக்குள் பழைய ஏற்பாடு பெரும்பாலும் குலைந்துவிட்டது. மேய்ச்சல் நிலங்கள் தோட்டங்களாகவும் அயல்மரக் காடுகளாகவும் மாறியதால் தோடரின் எருமை மந்தைகளும் சுருங்கின.

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது போற்றத்தக்கதே. ஆயினும் அந்தத் துணியே சமவெளியிலிருந்து வணிகர் வழியாக வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு குடியின் மரபைப் பிறவற்றிலிருந்து பிரித்துப் போற்றுவது அரைகுறை அறிவே என்பது விளங்கும். மலையில் நிலவிய சார்புறவை, அதன் பெருமையோடும் அநீதியோடும் சேர்த்துக் கற்பதே அம்மக்களுக்குச் செய்யும் நேர்மையான மதிப்பு.