கரையில் நிற்பவர்களின் பந்தயம்

1936இல் திருத்தணிக்காரர் ஒருவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார். கீழ்த்திசைச் சமயங்களையும் அறவியலையும் கற்பிக்க ஏற்படுத்தப்பட்ட ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி. போனவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அதுவரை பதின்மூன்று வருடங்களாக, கேம்பிரிட்ஜுடன் நடக்கும் படகுப் பந்தயத்தில் ஆக்ஸ்போர்டு வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அடுத்த பங்குனியில், 1937இல், ஜெயித்தது. 1938லும் ஜெயித்தது. துடுப்பு வலித்தவர்கள் வேறு யாரோ. தத்துவப் பேராசிரியருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் திருத்தணியில் யாராவது "எல்லாம் நம்ம ஊர்க்காரர் ராசி" என்று சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அந்தப் பந்தயமே இப்படிப்பட்ட சம்பந்தமில்லாத சொந்தக்காரர்களால்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

தொடங்கியது என்னவோ இரண்டு பள்ளித் தோழர்கள்தான். ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த சார்லஸ் மெரிவேல் கேம்பிரிட்ஜுக்கும், சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த் ஆக்ஸ்போர்டுக்கும் போனார்கள். வம்புக்கு இழுத்துக்கொண்டார்கள். 1829 ஜூன் 10 அன்று ஹென்லியில் முதல் பந்தயம் நடந்தது, ஆக்ஸ்போர்டு வென்றது. 1845இல் லண்டனின் பட்னியிலிருந்து மார்ட்லேக் வரையிலான தேம்ஸ் தடத்துக்கு மாறியது. 1856 முதல் வருடாந்திரம். உலகப் போர்களும் கொரோனாவும்தான் அதில் இடைவெளி போட்டன. எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒன்பதாவது ஆள் சுக்கான் பிடிக்க, கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர். கடலிலிருந்து ஏறிவரும் ஓதத்தோடு சேர்ந்து ஆற்றை எதிர்த்து மேலே போவார்கள். வேகமான படகு பதினாறு, பதினேழு நிமிடத்தில் முடித்துவிடும்.

இப்போது கரையில் நிற்பவன் கணக்கைப் பாருங்கள். காலையிலிருந்து இடம்பிடித்து நிற்கிறான். படகுகள் அவன் கண்ணில் படுவது ஒரு நிமிடமோ, அதற்கும் குறைவோ. யார் ஜெயித்தார்கள் என்பது மார்ட்லேக்கில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பட்னிக்காரனுக்கு அது செய்தி மட்டுமே. அப்படியும் கூட்டம் குறையவில்லை. 1870இல் வழியிலுள்ள ஹேமர்ஸ்மித் தொங்குபாலத்தின் மேல் மட்டும் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் பேர் ஏறி நின்றதாகக் கணக்கு. பாலத்துக்குச் சொந்தக்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள். பிறகு அந்தப் பாலத்தையே எடுத்துவிட்டு 1887இல் புதிது கட்டினார்கள்.

ஏறி நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் வாசலை மிதிக்காதவர்கள். வண்டிக்காரர்கள் சாட்டையில் கருநீல நாடாவோ வெளிர்நீல நாடாவோ கட்டிக்கொள்வார்கள். கருநீலம் ஆக்ஸ்போர்டு, வெளிர்நீலம் கேம்பிரிட்ஜ். ஆற்றோரத் தெருச் சிறுவர்கள் "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டுப் பதில் பிடிக்காவிட்டால் அடித்துக்கொள்வார்கள். நம் தெருக்களில் ரஜினி கட்சி, கமல் கட்சி என்று பிரிந்து மல்லுக்கு நின்ற பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பந்தயத்தின் நினைவுகளும் ஆற்றோரத்துக்காரர்களிடம் தங்கிவிட்டன. 1877இல் இரண்டு படகும் சமமாக வந்ததாகத் தீர்ப்பு. அந்த ஒரே ஒரு சமநிலைக்குத் தீர்ப்புச் சொன்னவர் ஜான் ஃபெல்ப்ஸ் என்ற படகோட்டி. அவர் புதருக்கடியில் போதையில் தூங்கிப்போனார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அது உண்மையல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், மனிதர் மேல் வீண்பழி. எல்லைக்கம்பமே இல்லாத இடத்தில் நின்று யார்தான் அடிக்கணக்குச் சொல்ல முடியும்? அதற்குப் பிறகுதான் கம்பம் நட்டார்கள். 1912இல் கேம்பிரிட்ஜ் படகு மூழ்கியது. ஆக்ஸ்போர்டு படகிலும் தண்ணீர் நிறைந்துவிட்டது. சனிக்கிழமை நடந்தது செல்லாது என்று திங்கள்கிழமை மறுபடி ஓட்டினார்கள். 1949இல் பி.பி.சி. வானொலியின் ஜான் ஸ்னாக், தன் படகு பின்தங்கி முன்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போக, முன்னே போவது ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் என்று அறிவித்துவிட்டார். அந்த வருடம் வென்றது யார் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். ஸ்னாக் சொன்னது நிற்கிறது. (வென்றது கேம்பிரிட்ஜ்.)

பெண்களின் பந்தயம் 1927லேயே ஆக்ஸ்போர்டில் தொடங்கியது. இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக்கூடாது; ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும்; வேகத்தோடு நளினத்துக்கும் மதிப்பெண். ஆண்கள் ஓட்டும் அதே தடத்தில், அதே நாளில் பெண்களும் ஓட்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நினைவுகளைப் போற்றும் ஊர்கள் இதையும் சேர்த்தே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

திருத்தணியில் துடுப்புப் பந்தயம் கிடையாது. மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் ஆடிக் கிருத்திகையை ஒட்டி மூன்று இரவு தெப்பம் உண்டு. வள்ளி தெய்வானையோடு முருகன் மலையிலிருந்து இறங்கி வந்து, விளக்கு அலங்காரத்தில் குளத்தைச் சுற்றி வருவார். போட்டியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனாலும் படித்துறையில் எள் போட்டால் எண்ணெய்தான். பூக்கடைக்காரர்களிடம் தெப்பம் எத்தனை சுற்று வந்தது என்று கேட்டால் யோசிப்பார்கள். பூ எத்தனை முழம் போனது என்று கேட்டால் டக்கென்று வரும். பட்னியில் பந்தய நாளில் மதுக்கடை வைத்திருப்பவரும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்.

அந்தப் படித்துறையில் பாதிப் பேச்சு தெலுங்கு. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து புஷ்பக் காவடியோடு வருகிறவர்கள். திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கு எல்லைப் போராட்டம், படாஸ்கரின் எல்லைத் தீர்ப்பு எல்லாம் முடிந்து இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு இடம்மாறியது, குளத்தங்கரைக் கூட்டம் மாறவில்லை. "அரோகரா"வுக்கு இரண்டு மொழியிலும் அதே சத்தம்தான்.

அந்தச் சத்தம் இல்லாத வருடங்களையும் பார்த்தோம். 2020இல் படகுப் பந்தயம் ரத்து. 2021இல் லண்டனை விட்டு, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஈலி என்ற ஊரில், ரசிகர்களை அனுமதிக்காமல் நடத்தினார்கள். அதே இரண்டு ஆடிக் கிருத்திகையிலும் திருத்தணி மலைக்குப் பக்தர்கள் வரத் தடை. பந்தயமாவது பதினெட்டுப் பேரும் இரண்டு படகும் இருந்தால் நடந்துவிடும். ஊர்த் திருவிழாவுக்கு அது போதாது.

கூட்டம் திரும்பி வந்துவிட்டது. தண்ணீரின் கதைதான் வேறு. தேம்ஸ் செத்துப்போன ஆறு என்று 1957இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து, மீன்கள் திரும்பும் அளவுக்கு மீட்டார்கள். ஆனால் 2024 பந்தயத்துக்கு முன் எடுத்த நீர் மாதிரிகளில் ஈ-கோலி கிருமி மோசமான அளவில் இருந்தது. கழிவுநீர் மறுபடி ஆற்றில் கலக்கிறது. ஜெயித்ததும் சுக்கான் பிடித்தவரைத் தூக்கி ஆற்றில் போடுவது பழைய வழக்கம். அந்த வருடம் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று அறிவுரை. தோற்ற ஆக்ஸ்போர்டு அணியில் சிலருக்குப் பந்தயத்துக்கு முன்பே வயிற்று உபாதை.

நம் பக்கமும் துடுப்பு இருக்கிறது. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இன்றும் இயங்குகிறது. அதற்கு மூன்று வருடம் மூத்தது, பெய்ரா ஏரிக்கரையிலுள்ள கொழும்பு ரோயிங் கிளப். இரண்டு கிளப்பும் மோதும் மெட்ராஸ் – கொழும்பு படகுப் போட்டி, ஆசியாவின் பழமையான துடுப்புப் போட்டிகளில் ஒன்று. சென்னையில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அடையாற்றின் கரையில் நின்று வேடிக்கை பார்க்க மூக்கு இடம்கொடுக்காது. பார்க்க ஆள் இல்லாத போட்டியைப் பற்றி நினைவு சொல்லவும் ஆள் இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் பல சென்னைக்காரர்கள் அப்படி ஒரு ஆறு இருப்பதையே கவனித்தார்கள்.

சரவணப் பொய்கைக்கு அந்த நிலை வரக் கூடாது. தெப்பத்துக்கு முன்னால் குளத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் இறங்குகிறார்கள். தெப்பம் முடிந்த மறுநாளும் அவர்களே இறங்க வேண்டியிருக்கிறது. வரும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு ஏறுங்கள், தெப்பத்தை நின்று பாருங்கள். பழைய துணியையும் ஷாம்பு பாக்கெட்டையும் மட்டும் குளத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.