நிரலை எழுதும் நிரல்

கணிப்பொறிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அதனைப் பொறியின் மொழிக்குப் பெயர்த்துத் தருவது ‘கம்பைலர்’. அப்பெயர்ப்பின்போதே, சுருக்கமாக எழுதிய ஒரு குறியை முழு நிரலாக விரித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதற்கு ‘மேக்ரோ’ என்று பெயர். ஒரே வகை வரிகளை நூறு முறை எழுதும் உழைப்பு இதனால் மிச்சமாகிறது.

ஆயினும், இதில் ஓர் இடர் உண்டு. சி மொழியில், ‘வர்க்கம்(அ)’ என்பதை ‘அ × அ’ என விரிக்குமாறு விதி செய்கிறோம் என்று கொள்வோம். ‘அ’ இருக்குமிடத்தில் 2 + 3 என்று இட்டால் 25 வரவேண்டும், வருவதோ 11! விரிக்கும் கருவி பொருளை நோக்காமல், 2 + 3 × 2 + 3 என்று அப்படியே எழுதிவிடுகிறது, பெருக்கல் முந்திக்கொள்கிறது. கம்பைலரும் குறை கூறுவதில்லை. தவறான விடை ஓசையின்றிக் கணக்கில் ஏறிவிடுகிறது. விதியில் ‘அ’ ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் இட்டிருப்பின் இப்பிழை நேர்ந்திராது.

லிஸ்ப் மொழிக்கு 1963-இல் திமோதி ஹார்ட் முன்மொழிந்த மேக்ரோ வேறு வகையானது. அம்மொழியில் நிரலே உறுப்பு உறுப்பாகப் பிரிந்த பட்டியல். ஆதலின் 2 + 3 சிதையாமல் ஓர் உறுப்பாகவே இடம் பெறும். விடையும் 25 ஆகும்.

சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் எனக்கு இது புதிதன்று. அயல் மாநிலத்தில் இருமொழி வழங்கும் நீங்களும் அறிவீர்கள்: சொல்லுக்குச் சொல் வைத்தால் தொடர் குலையும்; வாக்கியத்தின் உறுப்பறிந்து மாற்றினால் பொருள் நிலைக்கும். எந்திரத்திற்கும் இதுவே இலக்கணம்.