தேய்ந்த கதவும் திருத்தும் முறையும்

மோட்டார்க் காரைப்பற்றிப் பேசுவோர் முதலில் அதன் இயந்திரத்தைப்பற்றிப் பேசுவர்; அடுத்துத் தடையைப்பற்றியும் சில்லுகளைப்பற்றியும் பேசுவர். கதவைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், காரின் உறுப்புகளுள் ஏறுவோர் இறங்குவோர் அனைவரின் கையும் படுவது கதவேயாகும். நாளொன்றுக்குப் பத்து முறை திறந்து மூடப்படும் கதவு ஓராண்டில் 3,650 முறையும், இருபது ஆண்டுகளில் 73,000 முறையும் தன் பிணைச்சலிற் சுழல்கின்றது. இவ்வளவு உழைக்கும் உறுப்புத் தேயாதிருத்தல் இயலாது. அத்தேய்வு எவ்வாறு உண்டாகின்றது, அதனை உடையவர் தாமே திருத்திக்கொள்ளக்கூடிய எல்லை யாது என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

நம் பழைய வீடுகளின் மரக்கதவுகள் குடுமியிற் சுழன்றன. கதவின் ஓரத்து மரமே மேலும் கீழும் முளைபோல நீண்டு, நிலையிலுள்ள குழிகளிற் பொருந்தியிருக்கும். கதவின் பாரம் முழுவதும் கீழ்க்குழியில் இறங்கும். காரின் கதவுக்கு இத்தகைய ஆதாரம் இல்லை. அது தூணின் பக்கத்திலே, இரண்டு பிணைச்சல்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்குக் கதவின் நோய்கள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

ஒரு கதவின் நிறை 25 கிலோகிராம் என்றும், அதன் அகலம் 100 சென்ரிமீற்றர் என்றும், இரு பிணைச்சல்களுக்கும் இடையே உள்ள தூரம் 30 சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். நிறை கதவின் நடுவில், அதாவது பிணைச்சலிலிருந்து 50 சென்ரிமீற்றர் தொலைவில், தாக்குவதாகக் கருதலாம். 25ஐ 50 ஆற் பெருக்கி 30 ஆற் பிரித்தால் ஏறக்குறைய 42 வரும். எனவே மேற்பிணைச்சல் ஏறத்தாழ 42 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையால் வெளியே இழுக்கப்படுகின்றது. கீழ்ப்பிணைச்சல் அதே விசையால் உள்ளே தள்ளப்படுகின்றது. இவ்விசை கதவின் சொந்த நிறையிலும் பெரிது. கதவு திறந்திருக்கையில், இறங்குவோர் அதன்மேற் கையூன்றி எழுவராயின் விசை மேலும் பன்மடங்காகும். மேற்பிணைச்சலே பெரும்பாலும் முதலில் தளர்வது ஏன் என்பதும், கதவைப் பிடித்து எழும் வழக்கம் ஏன் தீது என்பதும் இதனாற் புலப்படும்.

தேய்வின் அளவு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. மேற்பிணைச்சலில் 1 மில்லிமீற்றர் தளர்வு உண்டானால், மேற்கூறிய கதவின் வெளியோரம் 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகத் தாழும். அவ்வளவு தாழ்ந்தாலே பூட்டின் நாக்குத் தூணிலுள்ள கொளுவியை நேராகச் சந்திக்காது. அதன்பின் கதவை அடித்துச் சாத்த வேண்டியதாகும். அடித்துச் சாத்துந்தோறும் தேய்வு வளரும்.

திருத்த முற்படுவோர் முதலிற் செய்ய வேண்டியது நோயறிதலாகும். கதவைப் பாதியளவு திறந்து, அதன் வெளியோரத்தை இரு கைகளாலும் மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. அவ்வேளை மற்றொருவர் பிணைச்சலை உற்றுநோக்க வேண்டும். அச்சாணிக்கும் பிணைச்சலின் துளைக்கும் இடையே அசைவு தோன்றின், தேய்ந்தவை அவையே. பிணைச்சற் தகடு தூணினின்று விலகி அசைந்தால், திருகாணிகள் தளர்ந்துள்ளன. தகட்டோடு தூணும் அசையுமாயின், தூணின் இரும்பு கறள் பிடித்துள்ளது. முதல் இரண்டும் வீட்டு முற்றத்திலே திருத்தத்தக்கன, மூன்றாவது அவ்வாறானதன்று.

அச்சாணியைக் கழற்றுமுன் கதவின் பாரத்தைத் தாங்க வழி செய்தல் வேண்டும். ஜக்கின்மேல் ஒரு மரக்கட்டையும், அதன்மேல் மடித்த துணியும் வைத்து, கதவின் அடியை மெல்லத் தொடுமளவுக்கு உயர்த்துதல் நன்று. பிணைச்சற் தகடு இருந்த இடத்தைச் சுற்றிக் கூரிய ஊசியாற் கோடிட்டுக் கொண்டால், மீளப் பூட்டும்போது தடுமாற்றம் நேராது. கறள் பிடித்த அச்சாணிக்கு முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்தல் வேண்டும். பின்னர் அச்சாணியின் தலை எப்பக்கம் உள்ளதெனக் கண்டு, மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றலாம். இப்பணி முழுவதையும் இருவர் சேர்ந்து செய்தலே முறை. நழுவும் கதவு விரலையும் நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும்.

வெளிவந்த அச்சாணியை விரலாற் தடவினாற் தேய்ந்த இடம் பள்ளமாகத் தெரியும். துளையும் வட்டந் தவறி முட்டை வடிவம் பெற்றிருக்கும். புதிய அச்சாணியை அத்துளையிலே செருகுதல் பயனற்றது. அது சில மாதங்களில் மீண்டும் தளரும். துளையைச் சற்றுப் பெரிதாகவும் மீண்டும் வட்டமாகவும் கடைந்து, அதற்கேற்ற தடித்த அச்சாணி இடுவது ஒரு முறை. துளையைப் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் ஒன்றை இறுக்கமாகச் செருகி, அதனுள் பழைய அளவான அச்சாணியை இடுவது மற்றொரு முறை. பின்னது சிறந்தது. உருக்கின்மேல் உருக்கு உராயும்போது இரண்டும் ஒன்றையொன்று பற்றிச் சுரண்டும். வெண்கலமோ மென்மையானது, தேய்வைத் தானே ஏற்று அச்சாணியைக் காக்கும். தேய்ந்தபின் மாற்ற வேண்டியதும் அச்சிறு புஷ்ஷேயன்றிப் பிணைச்சல் முழுவதுமன்று. கடைசற் பொறியுள்ள எந்தப் பட்டறையிலும் இதனைக் கடைந்து பெறலாம்.

பிணைச்சல் திருந்திய பின்னரே கொளுவியைத் தொடுதல் வேண்டும். ஈண்டுப் பலர் தவறுகின்றனர். தாழ்ந்த கதவு சாத்தவில்லை எனக் கண்டதும், தூணிலுள்ள கொளுவியைத் தளர்த்திக் கீழே இறக்கிவிடுவர். கதவு உடனே சாத்தும்; நோய் தீர்ந்ததெனத் தோன்றும். உண்மையில் நோய் மறைக்கப்பட்டதேயன்றித் தீர்ந்திலது. பிணைச்சல் மேலுந் தளரக் கொளுவியை மீண்டும் இறக்க நேரும். ஈற்றிற் கதவின் பாரத்தைக் கொளுவியும் பூட்டின் நாக்கும் தாங்கத் தொடங்கி, அவையும் தேயும். கதவைப் பிடித்து வைத்தற்கென அமைந்த உறுப்பு அதனைச் சுமக்கும் உறுப்பாகிவிடுகின்றது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவினதாக வரும்வரை பிணைச்சலைச் சரிசெய்து, அதன்பின் நாக்கு உரசாது நுழையும் இடத்திற் கொளுவியை இறுக்குவதே ஒழுங்கு.

பூட்டின் நாக்குத் தேய்தல் அற்பக் குறையன்று. விபத்தின்போது கதவு திறந்து வெளியே வீசப்படுவோர் காரினுள் இருப்போரிலும் மிகுதியாக உயிரிழக்கின்றனர் என்பதை 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வுகள் தெளிவாக்கின. போர்ட் நிறுவனம் 1956 ஆம் ஆண்டுக் கார்களில் இலகுவில் திறவாத பாதுகாப்புப் பூட்டுகளை அமைத்தது. கதவின் பூட்டும் பிணைச்சலும் எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும் என்னும் விதி அந்நாட்டில் 1968 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பூட்டைத் திறந்து பார்ப்போர், பழைய கிறீஸை மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, புதிய கிறீஸைச் சிறிதளவே பூசுக. அதன்பின்னும் நாக்கு வழுக்குமாயின், அரத்தால் அராவிச் சமாளிக்க முயலாது முழுப் பூட்டையும் மாற்றுதல் வேண்டும். கதவை மிகைபடத் திறக்கவிடாது தடுக்கும் வாரும் கவனிக்கத்தக்கது. அது அறுந்திருப்பின், காற்றில் வீசித் திறக்கும் கதவு தன் முன்னோரத்தாற் காரின் உடலை முட்டி, நெம்புகோல்போலப் பிணைச்சலையே பெயர்க்கும்.

கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைபிடி கடினமாகச் சுழலுமாயின், பலர் உள்ளிருக்கும் பற்சில்லையே குறைகூறுவர். பெரும்பாலும் காரணம் வேறிடத்தில் உண்டு. கண்ணாடி நகரும் தவாளிப்பிலுள்ள கம்பளித்துணி காய்ந்து, புழுதியால் இறுகிக் கண்ணாடியைப் பற்றுகின்றது. அவ்விறுக்கத்தை வெல்லச் செலுத்தும் விசையே பற்களைத் தேய்க்கின்றது. தவாளிப்பைத் துப்புரவாக்காது பற்சில்லை மாற்றினாற் புதியதும் விரைவில் தேயும். இயற்கை இறப்பராலான ஓரப்பட்டிகளுக்குக் கனிய எண்ணெய் பூசுதல் கூடாது. அவ்வெண்ணெயை உறிஞ்சி இறப்பர் வீங்கி இளகும். ஓரப்பட்டி செவ்வனே பொருந்துகின்றதா என்பதை ஒரு கடதாசித் துண்டால் அறியலாம். அதனை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கும்போது எதிர்ப்பின்றி வருமாயின், அவ்விடத்தால் நீரும் புழுதியும் புகும்.

கதவுக்குள் நீர் புகுதல் குற்றமெனப் பலர் எண்ணுகின்றனர். கண்ணாடியின் ஓரமாக மழைநீர் ஓரளவு உட்செல்வது அமைப்பின் இயல்பே. அந்நீர் வடியும்பொருட்டுக் கதவின் அடியிற் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. வாய்க்கால் அடைபட்ட வயல்போல, துளைகள் சேற்றால் அடைபட்ட கதவில் நீர் தேங்கும்; தேங்கிய நீர் உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். வெளியே பூச்சுக் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு பெரும்பாலும் ஓட்டையாகிவிட்டிருக்கும். உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் இவ்வரிப்பு இன்னும் விரைவானது. மாரிக்கு முன்னும் பின்னும் ஒரு மெல்லிய குச்சியால் அத்துளைகளைக் குத்திவிடுதல், செலவின்றிச் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தமாகும்.

தன் கையால் திருத்துவோர் தம் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற கார்களில் உடலே சட்டமாகவும் அமைந்துள்ளது. பிணைச்சலைத் தாங்கும் தூண் அரிக்கப்பட்டால், காரின் உறுதியே குறைந்துவிட்டதெனக் கொள்ள வேண்டும். அதனைப் பசையால் அடைத்துப் பூச்சுப் பூசி மறைத்தல் தன்னையும் பிறரையும் ஏமாற்றுவதாகும். தேர்ந்த ஒட்டுத் தொழிலாளரே அதனைச் செப்பஞ் செய்யத் தக்கவர். இக்காலக் கார்களின் கதவுகளில் மின்கம்பிகளும் உணரிகளும், சிலவற்றிற் காற்றுப்பைகளும் உள்ளன. கார்த் தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் ஒழுங்கின்படி பற்றறி இணைப்பைக் கழற்றாது அவற்றைத் தொடுதல் ஆகாது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. அவற்றுட் சில இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாகியபோது, அவையும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மாணவரையும் சுமந்தன. வாங்க முடியாத உறுப்பைக் கடைந்தோ, அராவியோ, பழைய காரொன்றிலிருந்து கழற்றியோ உண்டாக்கிய கைகளே அவற்றை ஓடச்செய்தன. அக்கைகளுக்குரியோர் பலர் பெயரறியப்படாதோர். அவர்களுடைய அறிவு ஏட்டில் ஏறவில்லை.

வகுப்பறையிலே நெம்புகோலையும் திருப்பத்தையும் உராய்வையும் கற்கும் மாணவன், அவற்றைப் பரீட்சைத் தாளுக்குரியனவாக மட்டும் கருதுதல் இயல்பு. தளர்ந்த கதவொன்றை உயர்த்திப் பார்க்கும் கணத்தில் அவ்விதிகள் அவன் கையிற் பாரமாக உணரப்படும். தாழ்ந்த கதவுக்காகக் கொளுவியை இறக்காது பிணைச்சலைத் தேடிச் செல்லப் பழகியவன், வேறெந்தக் குறையிலும் அதன் மூலத்தையே முதலில் நாடுவான்.