'இன்னும் ஆறு மாசம்': அமெரிக்கத் தூதரகத்துக்கும் கோவை மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம்?

இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்ற வேண்டும் என்று 1995ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கெடு 1999 மே 31. ஆனால் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆறு மாதம் தள்ளிவைக்க, அதே சட்டம் அதிபருக்கு அனுமதி கொடுத்தது. கிளிண்டன், புஷ், ஒபாமா என வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். டிரம்ப்பும் முதலில் போட்டார். கடைசியில் 2018 மே 14ல்தான் தூதரகம் இடம் மாறியது.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குங்களா?

கோவையில் என்ன நடந்தது?

உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 5 ஆண்டு. அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம் (பிரிவுகள் 243இ, 243யு). 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களின் பதவிக்காலத்தைச் சட்டத் திருத்தம் மூலம் ஆறு ஆறு மாதமாக அரசு நீட்டித்தது. கோவை மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. மாநகராட்சிக்கோ 2022 பிப்ரவரி 19 வரை காத்திருப்பு!

அதனால என்ன நஷ்டம்?

2018ல் சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டுக்கான குடிநீர் விநியோக ஒப்பந்தம் கையெழுத்தானபோது கோவையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. மாமன்றத்தில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் தெருப் போராட்டங்களில்தான் எழுந்தன.

பணமும் நின்றது. தூதரகத்தை மாற்றாவிட்டால் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான நிதியில் பாதி முடங்கும் என்றது அமெரிக்கச் சட்டம். அதிபரின் கையெழுத்து அதைத் தடுத்தது. இங்கே நீட்டிப்பு காப்பாற்றவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லாததால் நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது.

முக்கிய வித்தியாசம் எது?

அமெரிக்காவில் தள்ளிப்போட சட்டத்திலேயே வழி இருந்தது. நம் அரசியலமைப்பில் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட மாநில அரசுக்கு அப்படி ஒரு வழி தரப்படவில்லை.

2019ல் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தனி அலுவலரை எந்தத் தெருவில் போய்த் தேடுவதுங்க?